பள்ளியில் தரும் இலவசக் கண்ணாடி: சிலிண்டர் பவர் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு

அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் படிக்கும் பிள்ளைக்குப் பார்வைக் குறைபாடு இருந்தால் கண்ணாடி இலவசம். தமிழ்நாட்டில் இது கண்ணொளி காப்போம் திட்டம் என்ற பெயரில் நடக்கிறது. மத்திய அரசு 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்திய கார்யக்ரமும் (பிறப்பு முதல் 18 வயது வரை) இதற்குத் துணை. அதன் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒரு முறை பள்ளிக்கும் இரு முறை அங்கன்வாடிக்கும் வர வேண்டும்.

முதல் சோதனையைப் பெரும்பாலும் ஆசிரியரே செய்கிறார். எழுத்து அட்டையிலிருந்து 6 மீட்டர் தள்ளி நிற்க வைத்து, ஒவ்வொரு கண்ணாக மூடிப் படிக்கச் சொல்வார். 6/9 வரியை (நல்ல பார்வை 9 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில் படிப்பது) படிக்க முடியாத பிள்ளையைக் கண் மருத்துவ உதவியாளரிடம் அனுப்புவார்கள். சிதறல் பார்வை (சிலிண்டர் பவர் தேவைப்படும் குறைபாடு) உள்ள பிள்ளை இந்த இடத்தில்தான் தப்பிவிடுகிறது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் எழுத்து ஓரளவு தெளிந்துவிடும். விரலிடுக்கில் எட்டிப் பார்ப்பதும் உண்டு. மூடும் கண்ணை உள்ளங்கையால் மூட வேண்டும், சுருக்கிப் பார்க்கவிடக் கூடாது.

அடுத்து பவர் பார்ப்பது. சொட்டு மருந்து விட்டுக் கண்ணின் பாப்பாவை (நடுவிலுள்ள கருந்துளையை) விரிய வைத்துத்தான் பிள்ளைகளுக்குப் பார்க்க வேண்டும்; இல்லையென்றால் கண் தானே குவியத்தை மாற்றிக்கொண்டு அளவைக் கெடுத்துவிடும். மருந்தைப் பொறுத்து ஒரு நாளோ சில நாளோ வெயில் கூசும், கிட்டத்தில் மங்கலாகத் தெரியும். பயப்பட வேண்டாம்.

கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இல்லாததுதான் பெரும்பாலும் சிதறல் பார்வைக்குக் காரணம். அதனால் கண்ணாடிக்கு எழுதித் தரும் சீட்டில் சிலிண்டர் என்று ஓர் எண்ணும், அது எந்தக் கோணத்தில் அமைய வேண்டும் என்பதற்கு ஆக்சிஸ் என்று 1 முதல் 180 வரை இன்னோர் எண்ணும் இருக்கும். இரு கண்ணுக்கும் ஒரே பவராக விற்கும் ரெடிமேட் கண்ணாடி இதற்கு உதவாது. சீட்டின்படி லென்ஸ் வெட்டித்தான் செய்ய வேண்டும். கண் பரிசோதனை முகாம் அன்றே கையில் கிடைக்காவிட்டால் காரணம் இதுதான், காத்திருந்து வாங்குங்கள்.

கோணம் 10 டிகிரி விலகினால் சிலிண்டரின் பலனில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 30 டிகிரி விலகினால் போட்டும் போடாததுபோல்தான். பிள்ளை கண்ணாடியின் மேல் உட்கார்ந்து பிரேம் கோணினால்கூட இது நடக்கும். வாங்கும்போது லென்ஸை சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகும் பிரேம் முகத்தில் நேராக நிற்கிறதா என்று அடிக்கடி பாருங்கள்.

முதல் சில நாள் தரை சரிந்தது போலவும் கதவு சாய்ந்தது போலவும் தெரிகிறது என்று பிள்ளை சொல்லும். பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் பழகிவிடும். அதற்கு மேலும் நீடித்தால் பவரையும் ஆக்சிஸையும் மறுபடி பார்க்க வேண்டும்.

கண்ணாடி போட்டவுடனே கடைசி வரி தெரியவில்லையென்றால் கண்ணாடி தப்பு என்று முடிவுகட்டிக் கழற்றி வைத்துவிடாதீர்கள். மிகவும் வருத்தம் தருவது இதுதான். பல ஆண்டு மங்கலான உருவத்தையே பார்த்துப் பழகிய மூளை தெளிவாகப் பார்க்கக் கற்றுக்கொள்ளவில்லை. சோம்பேறிக் கண் என்பது இதைத்தான். தெளிவான உருவம் நாள் முழுக்கக் கிடைத்தால் பார்வை வாரக் கணக்கில், மாதக் கணக்கில் ஏறும். அமெரிக்காவில் 2007இல் வெளியான ஓர் ஆய்வு, அதிகத் தூரப்பார்வையோ (பிளஸ் பவர் தேவைப்படும் குறை) சிதறல் பார்வையோ இருந்து இரு கண்ணும் சோம்பேறியான, 10 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் கவனித்தது. கண்ணாடி அணிந்து ஓராண்டில் அவர்களில் 70 சதவீதத்துக்கு மேற்பட்டோர் 6/7.5 வரியை எட்டினார்கள். 7, 8 வயதுக்கு முன் தொடங்கினால் பலன் அதிகம். அதைத் தாண்டிய பிள்ளைக்கும் பயனுண்டு, ஆனால் மெதுவாக வரும்.

6 முதல் 8 வாரத்தில் ஒரு முறை, பிறகு சில மாதத்துக்கு ஒரு முறை பார்வையை அளந்து எழுதி வையுங்கள். ஒரு கண் மட்டும் பின்தங்கினால் நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூட மருத்துவர் சொல்லலாம். பழைய சீட்டைத் தொலைக்காமல் ஒவ்வொரு முறையும் கொண்டுபோங்கள். பிள்ளையின் பவர் மாறக்கூடும். ஆண்டுதோறும் பள்ளிச் சோதனை நாளில் கண்ணாடியோடும் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.