சுட்டுக்குறி: ‘அனொட்டேஷன்’ என்னும் சொல்லுக்கு ஒரு விளக்கம்

திரையில் உள்ள உரைப்பகுதியில் ஒரு சொல்லையோ தொடரையோ தெரிவு செய்ததும் அதன்மேல் வண்ணம் படர்ந்து, ‘ஊர்ப்பெயர்’, ‘ஆட்பெயர்’, ‘நிகழ்வு’ போன்ற வகைப்பெயர்களின் பட்டியல் அருகில் விரியுமாறு அமைக்கப்படும் இணைய இடைமுகக் கூறு ஆங்கில வழக்கில் ‘டெக்ஸ்ட் அனொட்டேட்டர்’ எனப்படுகிறது. அது செய்யும் வேலை ‘அனொட்டேஷன்’. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கணினி முன் அமர்ந்து இவ்வேலையைச் செய்யும் இளைஞர், ‘ஹைலைட் பண்ணி டேக் போடணும்’ என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்வார். பேச்சுக்கு அது போதும். கையேடு எழுதவும் பொத்தான்களுக்குத் தமிழில் பெயரிடவும் புகும்போது மட்டும், ஹைலைட், டேக், லேபிள், அனொட்டேஷன் ஆகிய நான்கும் ஒன்றா வேறா என்னும் கேள்வி எழுகிறது.

‘அனொட்டேஷன்’ இலத்தீன் வழி வந்த சொல். ‘நோட்டா’ என்றால் அந்த மொழியில் அடையாளம், குறி. அதன் முன் ‘நோக்கி’ என்னும் பொருளுடைய ‘அட்’ சேர்ந்து, ஒன்றனைக் குறித்துக் குறி இடுதல் என்னும் வினை பிறந்தது. (வாக்குப்பதிவு எந்திரத்தில் கடைசியாக நிற்கும் நோட்டாவுக்கும் இதற்கும் உறவில்லை, அது நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக் கூட்டு.) ‘லேபிள்’ பழைய பிரெஞ்சில் நாடாவையும் துணிக்கீற்றையும் குறித்தது. ‘ஹைலைட்’ ஓவியர்களின் சொல். படத்தில் ஒளி மிகுதியாக விழும் இடத்துக்குப் பெயர். ஆக, ஒளியூட்டுவது ஹைலைட், ஒட்டுவது லேபிள், இவ்விரண்டையும் உள்ளடக்கிய செயல் அனொட்டேஷன்.

தமிழில் இதற்கு வழங்கும் சொற்களில் ‘குறிப்புரை’ மரபுடையது. பதவுரை, பொழிப்புரை, விருத்தியுரை என உரைகளை வகைபிரித்துப் பெயரிட்ட மொழிக்கு அனொட்டேஷன் புதிய செயலே அன்று. சிலப்பதிகாரத்தின் அரும்பதவுரை, கடினமான சொற்களை மட்டும் தெரிந்தெடுத்துப் பொருள் கூறுவது, ஏறத்தாழ இதே வேலையைத்தான் செய்கிறது. ஆயினும் ‘உரை’ என்ற சொல் சேர்ந்ததும், ஒருவர் வாக்கியமாக எதையோ விளக்கி எழுதியிருக்கிறார் என்னும் எண்ணம் வந்துவிடுகிறது. ‘குளச்சல்’ என்பதன்மேல் ‘ஊர்ப்பெயர்’ என்று மட்டும் ஒட்டுவதைக் குறிப்புரை என்பது மிகை. ‘சிறுகுறிப்பு’ என்பதிலும் இதே குறை உண்டு. தேர்வுத்தாளில் ‘சிறுகுறிப்பு வரைக’ என்று கேட்கப்பட்டுப் பழகிய நமக்கு அது ஒரு பத்தியையே நினைவூட்டும். ‘குறிச்சொல்’ டேக் என்பதற்கு நன்கு நிலைபெற்றுவிட்டது. ஆனால் அது முழு ஆவணத்துக்கு இடுவதாயிற்றே அன்றி, ஆவணத்துக்குள் இந்த எழுத்திலிருந்து அந்த எழுத்து வரை என்று இடம் காட்டுவதில்லை.

எஞ்சுவது ‘குறியிடல்’. தமிழில் ‘குறி’ என்பதற்கு அடையாளம், பெயர் என இரு பொருளும் உண்டு. இடுகுறிப்பெயர் என்னும் இலக்கணச் சொல்லை அறிந்தவர் இதை எளிதில் உணர்வர். வண்ணமிடுதலையும் பெயரிடுதலையும் ஒரே சொல்லில் அடக்கும் இந்த இரட்டைப் பொருள் நமக்கு வாய்ப்பான ஒன்று. தடை என்னவெனில், இணையப் பக்கங்களை எழுத உதவும் எச்டிஎம்எல் போன்றவற்றை ‘குறியிடு மொழி’ என்று முன்னரே அழைக்கத் தொடங்கிவிட்டோம். அங்கே குறி, உரைக்குள்ளேயே புதைக்கப்படுகிறது. அனொட்டேஷன் பெரும்பாலும் உரைக்கு வெளியே தனியாகச் சேமிக்கப்பட்டு, உரையின் ஓரிடத்தைச் சுட்டி நிற்கிறது. குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மரத்தின் பட்டையிலேயே வண்ணத்தால் எண் எழுதுவது ஒரு முறை, எத்தனையாவது வரிசையில் எத்தனையாவது மரம் என்று பேரேட்டில் எழுதி வைப்பது மற்றொரு முறை; இரண்டாவதில் மரத்துக்கு ஒன்றும் நேராது, ஆனால் வரிசையில் ஒரு மரம் சாய்ந்தால் பேரேட்டுக் கணக்கு முழுவதும் பிசகும்.

இப்பிசகைத் தவிர்க்கும் வழியை, வலைக்கான தரங்களை வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2017 பிப்ரவரியில் பரிந்துரையாக வெளியிட்ட அனொட்டேஷன் தரவு மாதிரியம் கூறுகிறது. அதில் அனொட்டேஷனுக்குச் சொல்லப்படுவது, சுட்டப்படும் இலக்கு எனப் பெரும்பாலும் இரு உறுப்புகள் உண்டு. இலக்கைத் தொடக்க எண், முடிவு எண் ஆகியவற்றால் காட்டலாம். அல்லது தெரிவு செய்த சொற்களையே மேற்கோளாக எடுத்து, அதற்கு முன்னும் பின்னும் உள்ள சில சொற்களோடு சேர்த்தும் காட்டலாம். இரண்டாம் முறையில் உரை சற்றுத் திருத்தப்பட்டாலும் இடத்தை மீண்டும் கண்டுபிடித்துவிட இயலும்.

சுட்டுவதே இதன் இயல்பு என்பதால் ‘சுட்டுக்குறி’ என்னும் சொல்லை நான் பரிந்துரைக்கிறேன். அ, இ, உ மூன்றும் சுட்டு என்று தொல்காப்பியம் வகுத்த சொல்லே இது. அந்நூலைக் கேட்டு ஆராய்ந்த அதங்கோட்டாசானின் ஊர் விளவங்கோடு வட்டத்து அதங்கோடுதான் என்று கொள்ளும் மரபுடைய குமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு வேறு சொல் தேட மனம் வரவில்லை. செயல், சுட்டுக்குறி இடுதல். கூறு, சுட்டுக்குறிக் கூறு.

தமிழ் உரையில் இக்கூறு இடறும் இடங்கள் தனியானவை. ‘தோவாளை’ நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் ஆறு குறியெண்கள். ‘தோ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாகச் சேமிக்காமல், முன் நிற்கும் கொம்பும் பின் நிற்கும் காலுமாகப் பிரித்துச் சேமித்திருந்தால் ஏழு. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். தொடக்க எண்ணும் முடிவு எண்ணும் மட்டும் நழுவி, வண்ணம் அடுத்த சொல்லின் தலையில் விழும். எனவே உரையை முதலில் ஒரே வடிவத்துக்கு இயல்பாக்கிய பின்னரே எண்ண வேண்டும்.

இதைவிடக் கடினமானது புணர்ச்சி. ‘நாகர்கோவிலிலிருந்து’ என்ற சொல்லில் ஊர்ப்பெயரை மட்டும் தெரிவு செய்ய முயன்றால் எல்லை ‘லி’ என்னும் எழுத்தின் நடுவே வருகிறது. பெயரின் ஈற்றிலிருந்த புள்ளி மறைந்து, அங்கே வேற்றுமை உருபின் இகரம் ஏறியிருக்கிறது. வெட்டினால் கிடைப்பது ‘நாகர்கோவில’ என்னும் அரைகுறை வடிவம். உருபு நீங்கலாகப் பெயரை மட்டும் குறிக்கச் சொல்லும் ஆங்கில வழிகாட்டிகளை இங்கே அப்படியே பின்பற்ற முடியாது. சொல் முழுவதையும் சுட்டிவிட்டு, ‘நாகர்கோவில்’ என்னும் மூல வடிவத்தைக் குறியின் உள்ளே தனியே எழுதுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

வகைப்பெயரைத் தேர்வதற்கோ இயந்திர அறிவு போதாது. ‘குமரி’ என்பது ஊரா, மாவட்டமா, முனையா, அம்மனா, இளம்பெண்ணா என்பதை முன்பின் படித்தே முடிவு செய்ய வேண்டும். ‘குளச்சல் போர்’ என்னும் தொடரில் முதற்சொல் ஊர்ப்பெயர், தொடர் முழுவதும் 1741இல் நடந்த நிகழ்வின் பெயர். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சுட்டுக்குறிகளை ஏற்காத கூறு இங்கே பயன்படாது. கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் ‘வெள்ளம்’ குடிக்கும் நீர். அப்பகுதியினர் பேச்சைப் படியெடுத்த உரையில் வேற்றூர்க்காரர் அச்சொல்லுக்குப் ‘பேரிடர்’ என்று குறி இட்டுவிடக்கூடும்.

பொத்தான்களில் நீண்ட கூட்டுச்சொற்கள் அடங்கா. ஆகவே தெரிவு செய்த பகுதிக்கு ‘இலக்கு’, ஒட்டும் பெயருக்கு ‘வகைப்பெயர்’, நிறமூட்டும் பொத்தானுக்கு ‘வண்ணமிடு’, சேமித்ததை நீக்குவதற்குக் ‘குறி நீக்கு’ என்று எழுதிவிட்டு, ‘சுட்டுக்குறி’ என்னும் முழுச்சொல்லைப் பட்டியின் தலைப்பிலும் கையேட்டிலும் வைத்துக்கொள்ளலாம்.