சுகர் நார்மல் வந்தாச்சு, மாத்திரையை விட்டுடலாமா?

மருத்துவர்கள் நாங்களே முன்பெல்லாம் "சர்க்கரை வந்தால் ஆயுளுக்கும் மாத்திரைதான்" என்று சொல்லி அனுப்பிவிடுவோம். இப்போது அப்படி அடித்துச் சொல்ல முடியாது. ஸ்காட்லாந்திலும் வடக்கு இங்கிலாந்திலும் நடந்த 'டைரக்ட்' ஆய்வின் முடிவு 2017 டிசம்பரில் வெளியானது. நோய் வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்கள், இன்சுலின் போடாதவர்கள் ஆகியோரை மட்டும் எடுத்து, மாத்திரைகளை முதல் நாளே நிறுத்தினார்கள். தினம் சுமார் 850 கலோரி உணவு, மூன்று முதல் ஐந்து மாதம் வரை. ஓராண்டு கழித்து 46 சதவீதம் பேர் மாத்திரை இல்லாமலே நீரிழிவு அளவுக்குக் கீழே இருந்தார்கள். 15 கிலோவுக்கு மேல் இளைத்தவர்களில் அது 86 சதவீதம். ஆனால் இரண்டாம் ஆண்டு முடிவில் மொத்தக் கணக்கு 36 சதவீதமாக இறங்கிவிட்டது. வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளில் இந்தக் கடைசி எண்ணை நான் பார்த்ததில்லை.

ஆகவே, நிறுத்த முடியுமா என்றால், சிலருக்கு முடியும். கல்லீரலிலும் கணையத்திலும் படிந்த கொழுப்பு கரைந்தால், சோர்ந்து கிடந்த இன்சுலின் செல்கள் ஓரளவு மீள்கின்றன. நோய் வந்து பதினைந்து வருஷம் ஆனவருக்கு அந்த வாய்ப்பு குறைவு.

கிளினிக்கில் என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் ஒரு ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருப்பார்கள். வெறும் வயிற்றில் 104, மூன்று மாத சராசரி 6.2. "நார்மல்தானே டாக்டர்?" நீரிழிவு அளவுக்குக் கீழேதான். ஆனால் அது மாத்திரையோடு வந்த அளவு. மாத்திரை எல்லாவற்றையும் நிறுத்தி, குறைந்தது மூன்று மாதம் கழித்தும் ஹெச்பிஏ1சி, அதாவது அந்த மூன்று மாத சராசரி, 6.5-க்குக் கீழே இருந்தால்தான் நோய் தணிந்த நிலை என்று 2021-இல் சர்வதேச நிபுணர் குழு வரையறுத்தது. அதுவும் ரத்தசோகை உள்ளவர்களிடம் இந்த எண்ணை அப்படியே நம்ப முடியாது. இரும்புச்சத்து குறைந்தால் கூடுதலாகக் காட்டும். சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் அளவு மாறித் தெரியும். விரலில் குத்திப் பார்க்கும் அளவுகளையும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அப்புறம் எடை எப்படிக் குறைந்தது என்று கேட்பேன். நடந்து, சோற்றைக் குறைத்து இளைத்தால் சந்தோஷம். ஒன்றும் செய்யாமலே சட்டை தொளதொளத்துப் போனால் சர்க்கரை கட்டுமீறிப் போய்விட்டதா, கணையத்தில் வேறு ஏதாவதா என்று பார்க்க வேண்டியிருக்கும். அங்கே மாத்திரையை நிறுத்தும் பேச்சே இல்லை.

நான் அதிகம் கவலைப்படுவது வேறு ஒரு கூட்டத்தைப் பற்றி. மாத்திரையைத் தானாக நிறுத்துபவர்களைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். உணவை அதிரடியாக மாற்றிவிட்டுப் பழைய மாத்திரையைப் பழைய அளவிலேயே விழுங்குபவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு போன்றவை நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை விரட்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. மூன்று இட்லி ஒன்றாகும்போது இவையும் குறைய வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை 70-க்குக் கீழே போய் வியர்வை, நடுக்கம், குழறல். வயதானவர், சிறுநீரகம் பலவீனமானவர் என்றால் ஒருமுறை சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து நிறுத்திவிட முடியாது, மணிக்கணக்கில் திரும்பத் திரும்ப இறங்கும். இன்சுலினும் இதே கதைதான். இவற்றைக் குறைப்பது பற்றி டயட் தொடங்கும் அன்றே பேசியாக வேண்டும், மூன்று மாதம் காத்திருக்கக் கூடாது.

நம் ஊரில் இதில் ஒரு சிக்கல் உண்டு. "ஒரே ஒரு சுகர் மாத்திரைதான்" என்பார்கள். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் மெட்ஃபார்மின் 500, கிளிமிபிரைடு 2 என்று இரண்டு மருந்து ஒன்றாக இருக்கும், சிலசமயம் மூன்று. பாதியாக உடைத்துப் போட்டால் டோஸ் குறைந்துவிடும் என்று நினைக்கிறார்கள். மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரையைக் கண்டபடி உடைத்தால் அந்த அமைப்பே கெட்டுவிடலாம். தயவுசெய்து அட்டையோடு வாருங்கள்.

மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் தாழ்சர்க்கரை வருவது அரிது. அதனால் பொதுவாக அதைக் கடைசியில்தான் தொடுவேன். "அது கிட்னியைக் கெடுக்கும்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஓரளவு புரிகிறது. சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்களுக்கு நாங்கள் அதைக் குறைப்போம், வடிகட்டும் திறன் (ரிப்போர்ட்டில் eGFR) 30-க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவோம். பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பார்த்துக் காரணத்தையும் விளைவையும் மாற்றிப் போட்டுக்கொள்கிறார்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் சாப்பிடுபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இவை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுபவை. இவற்றைப் போட்டுக்கொண்டே மாவுச்சத்தை அடியோடு விட்டாலோ நீண்ட விரதம் இருந்தாலோ ரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு. மெஷினில் சர்க்கரை 150தான் காட்டும். ஆள் வாந்தியும் வயிற்றுவலியும் மூச்சிரைப்புமாகக் கிடப்பார். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதே மருந்தைச் சிலருக்கு இதயத்துக்காக அல்லது சிறுநீரகத்துக்காக எழுதியிருப்போம். சர்க்கரை நார்மல் என்பதற்காக அதை நிறுத்த முடியாது. கொழுப்பு மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் அப்படியே. ஒன்றை விடும்போது கூடவே எல்லாவற்றையும் விட்டுவிடுபவர்கள் நிறைய.

டைப் 1, அதாவது உடலில் இன்சுலின் சுரப்பதே ஏறக்குறைய நின்றுபோகும் வகை என்றால் இன்சுலினை நிறுத்தவே கூடாது, யார் சொன்னாலும். ஒல்லியாக இருந்து நடுவயதில் சர்க்கரை வந்தவர்களும் எந்த வகை என்று சோதித்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

சரி, எல்லாம் பொருந்தி வருகிறது என்று வையுங்கள். ஒவ்வொன்றாகக் குறைப்பேன். வாரத்தில் சில நாள் வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்திலும் பார்த்து நோட்டில் எழுதிவரச் சொல்வேன். வெறும் வயிற்றில் 126-க்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் மாத்திரை மீண்டும் வரும். சிலர் அதைத் தோல்வியாக எடுத்துக்கொண்டு கிளினிக் பக்கமே வராமல் போகிறார்கள், அதுதான் மோசம். முழுதாக நிறுத்தியவர்களும் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரை, பாதம், சிறுநீரில் புரதம் பார்த்தாக வேண்டும். முந்தைய வருஷங்களின் பாதிப்பு பின்னாலும் தலைகாட்டலாம்.

பல் டாக்டரிடமோ ஆபரேஷனுக்கு முன்போ "சுகர் இருக்கா?" என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். "இருந்தது, இப்போ மாத்திரை இல்லாம கட்டுப்பாட்டில் இருக்கு" என்று சொல்லுங்கள். மூட்டுவலிக்கோ ஆஸ்துமாவுக்கோ ஸ்டீராய்டு கொடுத்தால் சில நாளிலேயே சர்க்கரை ஏறிவிடும், கொடுப்பவருக்கு அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.