மங்கலை வைத்துத் தூரம் அளக்கும் சிலந்தி

“எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு குட்டிச் சிலந்தி இருக்கிறது. நான் நகர்ந்தால் அதுவும் திரும்பிப் பார்க்கிறது. நிஜமாகவே என்னைப் பார்க்கிறதா? அதைப் பிடித்து வளர்க்க வேண்டும் என்று மகன் அடம்பிடிக்கிறான், விஷம் இருக்குமோ என்று பயமாக இருக்கிறது” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

நிஜமாகவே பார்க்கிறது. அது குதிக்கும் சிலந்தி. உலகில் இதில் 6000-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. வலை பின்னிக் காத்திருக்காமல், இரையைக் கண்ணால் தேடி, பதுங்கிப் போய்ப் பாயும் குடும்பம். பெரும்பாலான சிலந்திகளைப் போல இதற்கும் விஷம் உண்டு, ஆனால் அது ஈ, கொசுவுக்குத்தான். மனிதருக்கு ஆபத்தில்லை. சிலந்தி மேலே ஊர்ந்தால் அக்கி வரும் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். அக்கிக்குக் காரணம் ஒரு வைரஸ். சின்னம்மையை உண்டாக்கும் அதே வைரஸ் உடலில் பதுங்கியிருந்து பிறகு தலைதூக்குவதுதான் அக்கி. சிலந்தியை விளக்குமாற்றால் அடிப்பதை நிறுத்திவிட்டு, அக்கி வந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். தாமதித்தால் வலி மாதக்கணக்கில் நீடிக்கலாம்.

சரி, கண்ணுக்கு வருவோம். எட்டுக் கண்களில் ஆறு, சுற்றிலும் ஏதாவது அசைகிறதா என்று கவனிப்பவை. முன்னால் இருக்கும் பெரிய இரண்டும் உருவத்தைக் கூர்மையாகப் பார்ப்பவை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் நீளமான ஒரு குழாய்; அதன் முனையில் விழித்திரை. கண்ணின் வில்லை (லென்ஸ்) தலை ஓட்டோடு ஒட்டியிருப்பதால் கண் அசையாது. ஆனால் உள்ளே ஆறு தசைகள் அந்தக் குழாயை அங்குமிங்கும் திருப்புகின்றன. தோட்டத்து இலைகளில் திரியும் டெலமோனியா இனத்துப் பெண் சிலந்தி வெளிறிய நிறம் கொண்டது. அதன் முகத்தை லென்ஸ் வழியாகப் பாருங்கள். கருப்பாக இருந்த கண் மெல்ல வெளுத்து, மறுபடி கருக்கும். கருப்பாகத் தெரிந்தால் விழித்திரை உங்கள் பக்கம் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். ஓர் உயிர் எங்கே பார்க்கிறது என்பதை இப்படி வெளியிலிருந்தே காண முடிவது எனக்கு இன்னும் தீராத ஆச்சரியம்.

இரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரிகிறது? நமக்கு இரண்டு கண்களின் காட்சியும் பெருமளவு ஒன்றின்மேல் ஒன்று விழுவதால் மூளை தூரத்தைக் கணக்கிடுகிறது. சிலந்தியின் முன்கண்களில் அந்த வசதி இல்லை. விழித்திரையில்தான் விடை இருக்கிறது. அது ஒன்றன்பின் ஒன்றாக நான்கு அடுக்குகள் கொண்டது. வில்லையிலிருந்து மிகத் தள்ளியிருக்கும் அடுக்கும் அதற்கு முந்தைய அடுக்கும் பச்சை ஒளியை உணர்பவை. பச்சை ஒளி கடைசி அடுக்கில்தான் தெளிவாகக் குவிகிறது. முந்தைய அடுக்கில் எப்போதும் மங்கல். அந்த அடுக்கு ஏன் வீணாக மங்கலான படத்தையே வாங்கிக்கொண்டிருக்க வேண்டும்?

அந்த மங்கல்தான் அளவுகோல்! பொருள் கிட்டே வர வர அதன் பிம்பம் குவியும் இடம் பின்னால் போகும், முந்தைய அடுக்கில் மங்கல் கூடும். தள்ளிப் போனால் மங்கல் குறையும். இரண்டு அடுக்குகளையும் ஒப்பிட்டால் தூரம் தெரிந்துவிடும்.

2012-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். பச்சை ஒளியில் சிலந்தி சரியாகப் பாய்ந்தது. பச்சை கலக்காத சிவப்பு ஒளியில் இரைக்கு முன்னாலேயே விழுந்தது. சிவப்பு ஒளி வில்லைக்கு இன்னும் பின்னால்தான் குவியும். அதனால் மங்கல் கூடுகிறது, பொருள் கிட்டே இருப்பதாகச் சிலந்தி நினைக்கிறது, குறைவாகப் பாய்கிறது. எந்தப் பக்கம் தவறும் என்பதுவரை கோட்பாடு சொன்னபடியே நடந்தது. சோதனைக்கு எடுத்த ஹசாரியஸ் அடன்சோனி என்ற குதிக்கும் சிலந்தி நம் வீடுகளிலும் உண்டு. கருத்த உடல், முன்னால் இரண்டு வெள்ளை உணர்கொம்புகள் போலத் தெரிந்தால் அது ஆண்.

சிலந்திக் கண்ணை ஆராய்ந்து யாருக்கு என்ன லாபம் என்று கேட்பவர்கள் உண்டு. 2019-இல் ஹார்வர்டில் இதே உத்தியை வைத்துத் தூரம் அளக்கும் மிகச் சிறிய உணரி (சென்சார்) ஒன்றைச் செய்தார்கள். ஆனால் அது நடக்காமல் போயிருந்தாலும் இந்த ஆய்வுக்குக் கொடுத்த பணம் தகும் என்பேன். பயனை முதல் பக்கத்திலேயே எழுதித் தந்தால்தான் நிதி என்ற பழக்கம் இப்படிப்பட்ட கேள்விகளை முளையிலேயே கிள்ளிவிடுகிறது.

அப்புறம், மகன் தாராளமாக வளர்க்கட்டும். மூடியில் ஊசித்துளை போட்ட சிறிய பிளாஸ்டிக் டப்பா போதும். வெயிலில் வைக்கக் கூடாது. உள்ளே ஒரு குச்சி, ஒரு துளி தண்ணீர், சிலந்தியைவிடச் சிறிய உயிருள்ள ஈ. ஒரு டப்பாவில் ஒன்றுதான். இரண்டு இருந்தால் ஒன்று மற்றதைத் தின்றுவிடும். கையால் நசுக்கிப் பிடிக்காமல் டப்பாவைக் கவிழ்த்து, அடியில் ஓர் அட்டையைச் செருகுங்கள். வீட்டிலும் தோட்டத்திலும் பிடிப்பதோடு சரி, சரணாலயங்களில் அனுமதியின்றி எதையும் எடுக்கக் கூடாது. சாப்பிடாமல் கூடு பின்னி உள்ளே கிடந்தால் செத்துவிட்டது என்று தூக்கி எறிய வேண்டாம், தோலுரித்துக்கொண்டிருக்கலாம். ஆண் சிலந்தி கிடைத்தால் டப்பாவுக்கு வெளியே ஒரு சின்னக் கண்ணாடியை வையுங்கள். தன் பிம்பத்தை இன்னொரு ஆண் என்று எண்ணி முன்கால்களை உயர்த்தி மிரட்டும். பார்த்து முடித்ததும் பிடித்த இடத்திலேயே விட்டுவிடச் சொல்லுங்கள்.