கெட்டியாகப் பிடித்தால் போதாது: மரம் அறுக்கும் கட்டரும் கைவிரல்களும்

போன வெள்ளிக்கிழமை இரவு பத்தரை மணிக்கு தச்சு வேலை செய்யும் ஓர் இளைஞரை எங்கள் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தார்கள். கிரகப்பிரவேசத்துக்கு மூன்றே நாள், கிச்சன் கபோர்டு வேலை முடியவில்லையாம். இடது கை ஆள்காட்டி விரல் துண்டாகிவிட்டது. நடுவிரல் தோலில் தொங்கிக்கொண்டிருந்தது. இந்த மாதத்தில் நான் பார்க்கும் நான்காவது ஆள் இவர். நான்கு பேரும் அறுத்தது பிளைவுட். நான்கு பேர் கையிலும் இருந்தது மார்பிள் கட்டர், அதில் மரத்துக்கான பல் பிளேடு.

சிஎம்4 என்று சொல்லும் இந்த மார்பிள் கட்டர், கல் அறுக்கச் செய்த மிஷின். அதில் பிளேடின் மேல் பாதிக்கு மட்டும்தான் மூடி, கீழ்ப் பாதி எப்போதும் திறந்தே இருக்கும். கல்லைத் தேய்த்து அறுக்கும் டைமண்ட் பிளேடுக்கு அது சரி. பல் பிளேடு தேய்க்காது, கவ்வும். கவ்வி இறுகினால் மிஷின் எகிறி உதைக்கும். மரத்துக்கென்றே வரும் சர்குலர் சா என்ற வட்ட ரம்பத்தில் அடியில் ஸ்பிரிங் கார்டு, அதாவது ஸ்பிரிங் வைத்த காப்பு மூடி உண்டு. அறுக்கும்போது விலகி, மரம் முடிந்ததும் தானாக மூடிக்கொள்ளும். விலையில் சில ஆயிரம் ரூபாய் வித்தியாசம் இருக்கும், தெரியும். ஆனால் அதை வாங்கியவர்களிலும் பலர் அந்தக் கார்டைக் கட்டுக்கம்பியால் தூக்கிக் கட்டி வைக்கிறார்கள். அறுக்கும் கோட்டை அது மறைக்கிறதாம். தயவுசெய்து அந்தக் கம்பியை இன்றே அவிழ்த்துவிடுங்கள்.

ஏன் இப்படி என்று கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "பதினஞ்சு வருஷமா இதே மிஷின்தான் டாக்டர். கெட்டியா பிடிச்சா ஒண்ணும் ஆகாது."

இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஒரு கணக்கு சொல்கிறேன். சிஎம்4 சும்மா ஓடும்போது நிமிடத்துக்குச் சுமார் 12,000 சுற்று, அதாவது நொடிக்கு 200. மிஷின் உதைத்ததைக் கண் பார்த்து, மூளை உணர்ந்து, கை அசைய எவ்வளவு கெட்டிக்காரருக்கும் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும். அதற்குள் பிளேடு 40 சுற்றுச் சுற்றியிருக்கும். 30 பல் பிளேடு என்றால் 1,200 பல் கடந்து போயிருக்கும். இதில் உங்கள் பிடி எங்கே வருகிறது? வேகத்தை ஒதுக்கிவிட்டே பார்ப்போம். கெட்டியாகப் பிடித்திருப்பது வலது கை. என்னிடம் வருவதெல்லாம் மரத்தை அழுத்திக்கொண்டிருந்த இடது கை. தரையில் உட்கார்ந்து பலகையைக் காலால் மிதித்துக்கொண்டு அறுத்தவர்கள் என்றால் தொடை, முழங்கால். தொடையில் பெரிய ரத்தக் குழாய் ஓடுகிறது. அது அறுபட்டால் ஆஸ்பத்திரி வரை தாங்குவதே சிரமம்.

அனுபவமும் காப்பாற்றுவதில்லை. புதுப் பையன்கள் பயந்து கையைத் தள்ளி வைக்கிறார்கள். என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் பத்து வருஷத்துக்கு மேல் தொழில் செய்தவர்கள்.

இன்னொன்று, கத்தி வெட்டும் பிளேடு வெட்டும் ஒன்றல்ல. பிளேடு தன் தடிமனுக்கு எலும்பையும் நரம்பையும் ரத்தக் குழாயையும் தின்றுவிட்டுத்தான் போகும். மிச்சத்தை வைத்து ஒட்ட வேண்டும். ஒரு மில்லிமீட்டர் குழாயை, தலைமுடியைவிட மெல்லிய நூலால், மைக்ராஸ்கோப்பில் பார்த்துத் தைக்கிறோம். விரல் பிழைத்தாலும் பழையபடி மடங்கும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது.

சரி, என்ன செய்வது? பலகையைக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். கை, கால், உதவியாள் எதுவும் கிளாம்ப் ஆகாது. அறுக்கும் கோட்டுக்கு இரண்டு பக்கமும் அடியில் ரீப்பர் சட்டம் கொடுங்கள். நடுவில் தொய்ந்தால் பிளேடு இறுகும், அப்புறம் மிஷின் உதைக்கும். 18 மில்லிமீட்டர் பலகைக்குப் பிளேடை முழுக்க இறக்காதீர்கள், பல் மட்டும் அடியில் தெரிந்தால் போதும். பிளேடுக்கு நேர் பின்னால் உடம்பை வைக்காதீர்கள். சுவிட்சை லாக் போட்டு ஓட்டவே ஓட்டாதீர்கள். பிளேடு முழுவதும் நின்ற பிறகுதான் மிஷினைக் கீழே வைக்க வேண்டும். பிளேடு மாற்றும்போது பிளக்கைக் கழற்றி, கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வையுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். தோளில் துண்டும் கையில் துணி உறையும் வேண்டாம். உறையோடு சேர்த்து விரலைச் சுருட்டி இழுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்காரர்களே, தேதி குறித்துவிட்டு ராத்திரி வேலை வாங்காதீர்கள். தூக்கக் கலக்கத்தில் இருப்பவரிடம் கட்டரைக் கொடுப்பது நீங்கள்தான்.

இவ்வளவுக்கும் பிறகு விரல் துண்டானால்: காயத்தில் சுத்தமான துணியை அழுத்திப் பிடித்து, கையை உயர்த்துங்கள். காப்பித் தூள், மஞ்சள் எதுவும் வேண்டாம். துண்டான விரலை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேராக விரலில் படக் கூடாது. அந்த இளைஞரின் விரல் ஐஸ் கட்டிகளோடு ஒரே பாட்டிலில் ஊறியபடிதான் வந்தது. வரும் வழியில் அடிபட்டவருக்குச் சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காதீர்கள், மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும்.