பதிவேற்றும் முன் ஒரு வரியை நகலெடுத்துப் பாருங்கள்

பல்கலைக்கழக ஆசிரியர்கள் மூடுல், கூகுள் கிளாஸ்ரூம் போன்ற தளங்களில் ஏற்றும் பாடங்களைச் சரிபார்ப்பது என் அன்றாட வேலை. காணொளியின் நீளம், வினாடி வினா என்று பலவற்றைப் பற்றிக் கேட்கிறார்கள். என் முதல் கேள்வி வேறு: உங்கள் குறிப்பில் இருப்பது எழுத்தா, எழுத்தின் படமா?

பழைய புத்தகத்தின் பக்கங்களை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கினால், கண்ணுக்குப் பாடம் தெரியும். கணினிக்கு அது வெறும் புகைப்படம். தேடினால் எதுவும் சிக்காது. பார்வையற்ற மாணவர் என்விடிஏ போன்ற இலவசத் திரைவாசிப்பானில் (திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருள்) அதைத் திறந்தால், நாற்பது பக்கப் பாடமும் வெற்றுக் கோப்பாகவே இருக்கும்.

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த குறிப்புகள் இன்னொரு தலைவலி. தமிழ்த்துறைக் கணினிகளில் இவை இன்றும் குவிந்து கிடக்கின்றன. பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால், உள்ளே பதிவாவது ஆங்கில எழுத்துகளான எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச். திரைவாசிப்பான் அந்த எழுத்துகளைத்தான் படிக்கும். சங்க இலக்கியப் பாடம் முழுவதையும் இப்படிக் கேட்க வேண்டிய மாணவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அந்த எழுத்துரு இல்லாத கைப்பேசியில் வேர்டு கோப்பைத் திறந்தால், பார்வையுள்ள மாணவருக்கும் இதே கதிதான். தமிழக அரசு 2010ஆம் ஆண்டிலேயே, தமிழைத் தமிழ் எழுத்தாகவே பதிவுசெய்யும் பொதுக் குறியீட்டு முறையான யுனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது; நம் துறைகள் இன்னும் யோசிக்கின்றன!

சோதனை எளிது. கோப்பில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, மின்னஞ்சல் பெட்டியில் ஒட்டுங்கள். தமிழாக வந்தால் சரி. குப்பையாக வந்தால் எழுத்துரு மாற்றி கொண்டு யுனிகோடுக்கு மாற்ற வேண்டும். வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியாவிட்டால் அது படம். அதைக் கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸ் வழியாகத் திறந்தால் எழுத்தாக மாறும். தமிழையும் ஓரளவு நன்றாகவே படிக்கிறது. ஆனால் ‘ர’ எழுத்தையும் துணைக்காலையும் குழப்பும், அட்டவணைகளைக் கலைத்துப்போடும். கைப்பேசியில் சாய்வாக எடுத்த படமென்றால் பிழைகள் பெருகும். ஒருமுறை மெய்ப்புப் பார்க்காமல் மாணவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள்.

தலைப்புகளைத் தடித்த எழுத்தாக்கினால் மட்டும் போதாது. வேர்டில் உள்ள தலைப்புப் பாணியைப் பயன்படுத்துங்கள். அப்போது திரைவாசிப்பானில் எச் விசையை அழுத்தியே அடுத்த தலைப்புக்குத் தாவலாம். படங்களுக்கு இரண்டு வரி விளக்கம் சேருங்கள்.

“புத்தகத்தை இப்படி மாற்றினால் காப்புரிமைச் சிக்கல் வராதா?” என்று தயங்குகிறவர்கள் உண்டு. மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காக, லாப நோக்கின்றி, அணுகத்தக்க வடிவத்துக்கு மாற்றிக் கொடுப்பதை 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இந்தியக் காப்புரிமைச் சட்டமே அனுமதிக்கிறது. அந்த நகலை எல்லோருக்கும் பொதுவில் வைக்க இது உரிமம் ஆகாது. தேவைப்படும் மாணவருக்கு மட்டும் கொடுங்கள். மின்னணு உள்ளடக்கம் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்பதை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் சொல்கிறது.

பத்து ஆண்டுக் கோப்புகளை ஒரே விடுமுறையில் திருத்த யாராலும் முடியாது. வரும் பருவத்தின் முதல் அலகையும் வினா வங்கியையும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவை வாரம் ஒன்றாக வரட்டும்.