சொட்டு போகிற வழி, பேச்சு போகிற வழி

துல்லியப் பண்ணையம் என்றதும் ட்ரோனும் செயற்கைக்கோள் படமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அது ஏறக்குறைய அப்படித்தான் வளர்ந்தது. ஆயிரம் ஏக்கர் மக்காச்சோளக் காட்டில் ஒரு மூலை மண் மறு மூலை மண்ணைப் போல இருக்காது. எந்த இடத்துக்கு எவ்வளவு உரம் என்று ஜி.பி.எஸ். பொருத்திய டிராக்டர் பார்த்துப் பார்த்துப் போடும். சரி, இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் அந்த டிராக்டரை எங்கே திருப்புவார்?

தமிழ்நாடு அரசின் பணத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2004-05-ல் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. மூன்று ஆண்டுகள், மொத்தம் 400 எக்டேர். செயற்கைக்கோள் வரைபடமும் அதில் உண்டு. ஆனால் விவசாயியின் கண்ணுக்குத் தெரிந்தது கறுப்புச் சொட்டுநீர்க் குழாய்தான். வயலை அங்குலம் அங்குலமாக அளப்பதைவிட, தண்ணீரையும் உரத்தையும் வேருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பதுதான் அங்கே துல்லியம்.

குழாயில் ஓட்டை போட்டால் தண்ணீர் சொட்டாது, பீய்ச்சும். பத்து மீட்டர் உயரத் தொட்டியிலிருந்து இறங்குகிற அளவு அழுத்தம் குழாய்க்குள் இருக்கிறது. அதை அடக்குவது, குழாயில் பொருத்திய சொட்டுவான் என்ற சிறு உறுப்புக்குள் இருக்கும் வளைந்து நெளிந்த குறுகிய பாதை. ஒவ்வொரு திருப்பத்திலும் தண்ணீர் முட்டி மோதிச் சுழன்று வேகத்தை இழக்கிறது. வெளியே வரும்போது மணிக்கு 4 லிட்டர் என்ற கணக்கில் சொட்டாகிவிடுகிறது. இந்த முட்டலுக்கு இன்னொரு பலனும் உண்டு: குழாயின் கடைசியில் அழுத்தம் கால் பங்கு குறைந்தாலும் சொட்டு ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான் குறையும். கடைமடைக்காரர் வாய்க்கால் காலத்திலிருந்து சொல்லிவரும் குறைக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

சொட்டு விழுந்த பிறகு மண் தன் வேலையைத் தொடங்குகிறது. மணற்பாங்கான நிலத்தில் ஈரம் முள்ளங்கி மாதிரி நேராகக் கீழே இறங்கும். களிமண்ணில் பூசணி மாதிரி பக்கவாட்டில் பரவும். அதனால்தான் ஒருவர் வயலின் சொட்டுவான் இடைவெளியை அப்படியே இன்னொருவர் வயலுக்குக் கொண்டுபோக முடியாது.

அப்புறம் உரம். யூரியாவைக் கையால் வீசிவிட்டு வாய்க்காலில் தண்ணீரைத் திறந்தால் ஒரு பகுதி ஆவியாகும், ஒரு பகுதி நைட்ரேட்டாக மாறி வேருக்குக் கீழே போய்விடும். நைட்ரேட்டுக்கு எதிர்மின்னூட்டம், களித் துகளுக்கும் அதே மின்னூட்டம். அதனால் மண் அதைப் பிடித்துவைக்காது. மூன்று நாளுக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக, அதுவும் நனைந்த வட்டத்துக்குள் மட்டும் கொடுத்தால் இந்த நட்டம் பெரிதும் குறையும். உரக் கரைசலைக் குழாய்க்குள் இழுப்பது வெஞ்சுரி என்ற சிறு கருவி. தனி மோட்டார் எதுவும் அதற்கு வேண்டாம். குழாயின் கழுத்தைக் குறுக்கினால் தண்ணீர் அங்கே வேகமெடுக்கும், அழுத்தம் விழும், பக்கத்து வாளியிலிருந்து கரைசல் தானாக ஏறும். கொசு மருந்தடிக்கும் பழைய கைப் பம்பு மருந்தை உறிஞ்சியதும் ஏறத்தாழ இதே தந்திரத்தால்தான்.

இவ்வளவும் கையேட்டில் இருக்கும். ஆனால் வயலில் மாட்டிய பிறகு வரும் சிக்கல்கள் வேறு. கால்சியம் நைட்ரேட்டையும் பாஸ்பேட் உரத்தையும் ஒரே தொட்டியில் கலந்தால் இரண்டும் சேர்ந்து கரையாத வெள்ளைக் கசடாகப் படியும். நம் எலும்பும் பல்லும் கால்சியம் பாஸ்பேட்தான் என்பதை நினைத்துக்கொண்டால், சொட்டுவானுக்குள் எலும்பு முளைத்தது என்றே சொல்லலாம். உப்புத் தண்ணீர் கிணறு என்றால் அவ்வப்போது நீர்த்த அமிலம் விட்டுக் கழுவ வேண்டும். எலியும் அணிலும் குழாயைக் கடிக்கும். இதையெல்லாம் ஏற்கெனவே ஒரு முறை பட்டுத் தெரிந்தவர் பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடுவார். கேட்க ஆளில்லாதவர் இரண்டாம் பருவத்தில் குழாயைச் சுருட்டிப் பரணில் போட்டுவிடுவார்.

பக்கத்துக்காரர் பேச்சுக்கு இருக்கும் இந்த மதிப்பு புதிதல்ல. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கலப்பின மக்காச்சோளம் பரவிய கதையை பிரைஸ் ரயன், நீல் கிராஸ் என்ற இரு சமூகவியலாளர்கள் 1943-ல் எழுதினார்கள். அவர்கள் பேசிய 259 விவசாயிகளில் இருவரைத் தவிர எல்லாரும் 1941-க்குள் புது விதைக்கு மாறியிருந்தார்கள். பெரும்பாலானவர்கள் விதையைப் பற்றி முதலில் கேள்விப்பட்டது விற்பனையாளர் வாயிலாக. ஆனால் நம்பிக்கை வந்தது பக்கத்து நிலத்துக்காரர் சொன்ன பிறகுதான். அப்போதும் முதல் ஆண்டில் ஒரு துண்டு நிலத்தில் மட்டும் விதைத்துப் பார்த்தார்கள். இடுப்பளவு தண்ணீரா என்று காலை விட்டுப் பார்க்காமல் யார் இறங்குவார்?

தர்மபுரித் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இந்த இடம்தான். பயனாளிகளை மாவட்டம் முழுக்கச் சிதறடிக்காமல் இருபத்தைந்து, முப்பது பேராக அருகருகே சேர்த்தார்கள், சங்கம் அமைக்கச் சொன்னார்கள். வறட்சியில் நொந்திருந்த விவசாயிகள் முதலாண்டில் தயங்கினார்கள். எக்டேருக்குச் சொட்டுநீர் அமைக்க 75,000 ரூபாய், சாகுபடிச் செலவுக்கு 40,000 ரூபாய் என்று அந்த ஆண்டு முழுச் செலவையும் திட்டம் ஏற்றது. அடுத்த ஆண்டு 90 சதவீதம், அதற்கடுத்த ஆண்டு 80. முதல் அறுவடை பக்கத்து வரப்பிலிருந்து எல்லார் கண்ணிலும் பட்ட பிறகு, சொந்தக் காசைப் போடவும் ஆள் வந்தது.

தர்மபுரியில் நடத்தி 2008-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, துல்லியப் பண்ணையத்தில் தக்காளி விளைச்சல் 80 சதவீதமும் கத்தரி விளைச்சல் 34 சதவீதமும் கூடியிருந்தன. செலவு போக மிஞ்சியது தக்காளியில் 165 சதவீதம் அதிகம். ஆனால் பாராட்டு எல்லாம் குழாய்க்கே சேராது. குழித்தட்டில் வேர் அறுபடாமல் வளர்ந்த நாற்று, மேல்மண்ணுக்குக் கீழே இறுகிக் கிடந்த மண் அடுக்கை உளிக்கலப்பையால் உடைத்தது, கூடுதல் இடுபொருள் என்று பலதும் சேர்ந்த கணக்கு அது. மாறாதவர்கள் ஏன் மாறவில்லை என்பதற்கு அதே ஆய்வு சொன்ன முக்கியக் காரணம் பணமும் கடனும் கிடைக்காதது. அறியாமை என்று அலுவலகத்தில் உட்கார்ந்து சொல்வது எளிது.

இன்று தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்க் கருவிக்கு நூறு சதவீத மானியம் உண்டு. நீரில் கரையும் உரம் அப்படியில்லை; யூரியாவோடு ஒப்பிட்டால் அதன் விலை பல மடங்கு. அதனால் பலர் ஒரு நடுவழி வைத்திருக்கிறார்கள். சூப்பர் பாஸ்பேட்டை அடியுரமாக மண்ணிலேயே இட்டுவிட்டு, யூரியாவையும் பொட்டாஷையும் மட்டும் கரைத்து வடிகட்டிக் குழாயில் விடுகிறார்கள். அதிலும் சிவப்புப் பொட்டாஷ் ஆகாது, அதிலுள்ள இரும்புக் கசடு சொட்டுவானை அடைத்துவிடும். வெள்ளைப் பொட்டாஷாகப் பார்த்து வாங்குங்கள் என்று உரக்கடை வாசலில் நிற்கும்போதே பக்கத்தில் நிற்பவர் சொல்லிவிடுவார்.