ரெட்டரிக்: சொல்வன்மை

மேடைப்பேச்சு, அணிநயம், வெற்று ஆரவாரம் என்று பல பொருளில் இன்று வழங்கும் ‘ரெட்டரிக்’, ‘ரேத்தோர்’ என்னும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. ஏதென்ஸில் மக்கள் மன்றத்திலும் வழக்கு மன்றத்திலும் எழுந்து பேசுபவரே ரேத்தோர். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் சிசிலித் தீவில் கொடுங்கோலர் ஆட்சி வீழ்ந்தபின், பறிபோன சொத்துகளை மீட்க மக்கள் வழக்காட வேண்டியிருந்ததால், கோரக்ஸ், தீசியாஸ் என்னும் இருவர் வாதிடும் முறையை வகுத்தனர் என்ற பழைய செய்தியை ரோமப் பேச்சாளர் சிசரோ பதிவுசெய்கிறார். நியாயம் கேட்கும் தேவையிலிருந்தே இக்கலை பிறந்தது என்பதை இது காட்டுகிறது.

ரோமப் பள்ளிகள் அந்தப் பிறப்பை மறக்கவில்லை. ‘கொன்ட்ரோவெர்சியா’ எனப்பட்ட பயிற்சியில் ஒரு சட்டமும் ஒரு கற்பனை வழக்கும் மாணவர்க்குத் தரப்படும். ரோம எழுத்தாளர் மூத்த செனேகா தொகுத்தவற்றுள் முதலாவது இது: பெற்றோரைப் பிள்ளைகள் காக்க வேண்டும் என்பது சட்டம். பகைத்துக்கொண்ட அண்ணன் தம்பி இருவருள் ஒருவர் வறுமையுற, மற்றவருடைய மகன் தந்தையின் தடையை மீறி அவருக்கு உதவியதால் வீட்டைவிட்டு விலக்கப்படுகிறான். உதவி பெற்றவர் அவனை மகனாக்கிக்கொள்கிறார். பின்பு அவர் செல்வராக, பெற்ற தந்தை வறியவராக, அவருக்கும் உதவியதற்காக அவன் வளர்ப்புத் தந்தையால் மீண்டும் விலக்கப்படுகிறான். எந்தப் பக்கம் நின்றாலும் மாணவன் கடமை எது, கீழ்ப்படிதல் எது என்று எண்ணாமல் வாய் திறக்க முடியாது.

‘ரெட்டரிக்’கைத் தமிழில் ‘அணியியல்’ என்றால் அலங்காரமே மிஞ்சுகிறது. ‘பேச்சுக்கலை’ மேடையோடு நின்றுவிடுகிறது. ‘வாதத்திறன்’ கேட்பவரை விட்டுவிடுகிறது. குறளின் 65ஆம் அதிகாரத் தலைப்பான ‘சொல்வன்மை’ மூன்றையும் அடக்கும் என்பதே என் துணிபு. அது அமைச்சியலில், அரசவையில் பேசுபவருக்குரிய திறனாக வைக்கப்பட்டிருப்பதும் பொருத்தமே. ‘சொல்லுக சொல்லைப் பிறிதோர்சொல் அச்சொல்லை வெல்லுஞ்சொல் இன்மை அறிந்து’ (645) என்பது, எதிர்வாதத்தை முன்னரே எண்ணிப் பார்த்தபின் பேசு என்னும் பயிற்சிவிதியேயாகும்.

அந்த விதியை வகுப்பில் கற்பிக்கச் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைவிடச் சிறந்த பாடம் தேட வேண்டியதில்லை. ‘கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று’ என்று பாண்டியன் பொதுவிதி ஒன்றைச் சொல்கிறான். கண்ணகி அந்த விதியோடு மோதவில்லை; ‘என் காற் பொற்சிலம்பு மணியுடை அரியே’ என்று, தன் கணவன் கள்வன் என்ற செய்தியையே சான்றால் தகர்க்கிறாள். மாணவர்கள் பெரும்பாலும் அவள் பக்கமே சாய்வார்கள். ஆகவே அரசனுக்காக வாதிடும் பொறுப்பைச் சிலரிடம் ஆசிரியர் வற்புறுத்தியேனும் ஒப்படைக்க வேண்டும். அவர்கள் கொலைக்களக் காதைக்குத் திரும்பினால், ‘கள்வன் கையது ஆகின் கொன்று அச்சிலம்பு கொணர்க’ என்ற ஆணை கிடைக்கும். ‘ஆகின்’ என்று நிபந்தனை விதித்துத்தானே அரசன் ஆணையிட்டான் என்று அவர்கள் வாதிடலாம். சிலம்பு யார் கையில் இருக்கிறது என்பதை மட்டுமே அந்த நிபந்தனை சோதிக்கிறது, அது யாருடையது என்று அரசன் கேட்கவே இல்லை, ‘தேரா மன்னா’ என்று அவள் விளித்தது அதனால்தான் என எதிர்த்தரப்பு மறுக்கலாம்.